என் பேயை வெட்டிய கேப்டன் டாலிவர்

மேடை நடுவில் படமாக இருந்து சிரிக்கும் கேப்டன் வெண்டல் டாலிவர் அவர்களே! இன்றைய கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவர். முதல் வணக்கம் உங்களுக்கு. அமெரிக்காவிலிருந்து அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டே பறந்து வந்த அருமை மகள் ரூத் அவர்களே, என் பேச்சை அவருக்கு மொழிபெயர்க்கும் பேராசிரியர் ஷென் அவர்களே, குன்மிங் நகரத்துப் பெரியோர்களே, ஓடுபாதையில் என்னோடு கல்லுருளை இழுத்து இன்று கைத்தடி ஊன்றி வந்திருக்கும் கூட்டாளிகளே! பன்றித்தொடை வியாபாரி துவான் யோங்ஃபூ உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எழுபத்தெட்டு வயதில், சொந்தக் கட்டிலில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். போர்விமானிகளில் எத்தனை பேருக்கு இப்படியொரு சாவு வாய்த்தது? ஆகையால் நான் அழப்போவதில்லை. அழுதே தீருவேன் என்பவர்கள் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

யார் இவர்? நமக்கு மாமனா, மச்சானா? அவருடைய நாடு அப்போது போரில் இறங்கக்கூட இல்லை. கடற்படை வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தொண்டராகக் கப்பல் ஏறினார். யார் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள்? ஒருவரும் இல்லை!

நாற்பத்தோராம் ஆண்டுக் கடைசி வரைக்கும் ஜப்பானியக் குண்டுவிமானங்கள் நம் ஊருக்கு எப்படி வந்தன? சம்பந்தி வீட்டுக்கு வருவதுபோல் வந்தன! காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நேரம் தவறாமல், துணைக்குக்கூட யாரையும் அழைக்காமல் வந்தன. விமானம் வருகிறது என்று எச்சரிக்கக் கம்பத்தில் சிவப்பு உருண்டை ஏறும். நாம் குழந்தையை ஒரு கையிலும் கோழியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு குன்றுக்கு ஓடுவோம். அந்த டிசம்பரில் ஒரு நாள், மூக்கில் சுறாமீன் பல் வரைந்த விமானங்கள் எதிர்கொண்டு போயின. வந்த சம்பந்திகளில் பலர் வீடு திரும்பவில்லை! சுட்டவர்களில் ஒருவர் நம் டாலிவர். அன்று சாயங்காலம் ஊரே தெருவில் நின்று சாப்பிட்டது. எதற்காக? வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்பதற்காக!

அந்த விமானங்கள் இறங்கிய ஓடுபாதையைப் போட்டது யார்? நாம்தான். ஆள் உயரக் கல்லுருளை, இரண்டு வடம், வடத்துக்கு எழுபது எண்பது பேர். எங்களுக்கு மேஸ்திரி மூ. அவர் பாட்டெடுத்தால்தான் கால் நகரும்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு இளைஞர்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். கெட்ட காலம் பிடித்தவன் குதிகாலை ஒட்டியே ஒரு பேய் நடக்கும் என்று நாங்கள் நம்பினோம். ஓடுகிற விமானத்துக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தால் நாம் தப்பிவிடுவோம், பின்னால் வரும் பேயை விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி வெட்டிவிடும். எவ்வளவு நெருக்கமாகப் பாய்கிறோமோ அவ்வளவு சுத்தமாக வெட்டும். இது அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஆண்டில் என் கோவேறு கழுதை செத்தது. பெண் வீட்டார் நிச்சயத்தை முறித்தார்கள். கடைவாய்ப்பல் வீங்கியது. பேய் இல்லாமல் வேறு என்ன?

மேஸ்திரி மூ சொன்னார்: "டேய் துவான், கழுதை செத்தது பேயாலயா, நீ தீனி போடாததாலயா? அந்தப் பொண்ணு தப்பிச்சதுக்கு அவ வீட்டுப் பேய்க்குல்லடா படையல் போடணும்!"

நான் கேட்கவில்லை. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஒரு முற்பகல். சண்டை முடித்து ஐந்து விமானங்கள் இறங்கிவிட்டன. கடைசியாக டாலிவர் இறங்கினார். வால் முழுக்கத் துளை. சக்கரம் தரையைத் தொட்டு ஓடி வரும்போது, வடத்தைப் போட்டுவிட்டு நான் பாய்ந்தேன்.

என்னால் ஒன்றை மட்டும் சொல்ல முடியும்: அவர் என்னைப் பார்த்தார். நேரே வந்திருந்தால் விமானம் பிழைத்திருக்கும், நான் பன்றித்தொடையாகியிருப்பேன். அவர் வெட்டித் திருப்பினார். விமானம் போய்க் கல்லுருளையில் மோதியது. ஓர் இறக்கை முறிந்து தனியே விழுந்தது. அப்போது நம்மிடம் பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருந்தது? இரண்டு கை விரல் போதும் எண்ண!

காவல் அதிகாரி ஓடி வந்து என்னை முழந்தாளிட வைத்தார். "எவன் கையாளுடா நீ? விமானத்தை உடைச்சவனுக்கு என்ன சட்டம்னு தெரியுமில்ல? சுவரோரம் கொண்டு போங்கடா இவனை!"

மூக்கில் ரத்தம் ஒழுக டாலிவர் இறங்கி வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் யார் தெரியுமா? அன்றைக்குக் கல்லூரி மாணவராக இருந்த நம் பேராசிரியர் ஷென்! "இவன் எதுக்கு ஓடினான்?" என்று டாலிவர் கேட்டார். ஷென் பேய்க் கதையைச் சொன்னார். டாலிவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அந்த ரத்த மூக்கோடு சிரித்தார்!

அவருடைய தளபதி வந்து நின்றார். டாலிவர் சொன்னார்: "யாரும் ஓடல. பிரேக்குல என் கால் வழுக்கிடுச்சு."

"குடிச்சிருக்கியா?"

டாலிவர் மூக்கு ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். "காலையில ரெண்டு மடக்கு" என்றார்.

ஷென் அதைக் காவல் அதிகாரிக்கு முகம் மாறாமல் மொழிபெயர்த்தார். என்னை விட்டார்கள்.

எங்கள் தொழிலில் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை கெட்டுவிட்டதா என்று பார்க்க, மூன்று இடத்தில் எலும்பு ஊசியால் குத்தி முகர்வோம். மேலே இரண்டு குத்து யாரையும் ஏமாற்றும். மூன்றாவது எலும்போரம், அழுகல் இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஐம்பது ஆண்டுகளாக ஆட்களையும் அப்படித்தான் முகர்கிறேன். அந்த மூன்றாவது குத்தில் இவரைப்போல் மணம் வீசியவரை நான் கண்டதில்லை!

மூன்று வாரம் விமானத்தைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தண்டனை. மறுநாள் காலை வடத்தருகே நெட்டையாக ஓர் உருவம், டாலிவர்! "சும்மா உக்காந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்" என்றார். மேஸ்திரி மூ அவர் கையில் வடத்தைக் கொடுத்துவிட்டு, "துரை, முதுகை வளைங்க, வானம் இடிக்குது!" என்றார். மூன்று வாரமும் இழுத்தார். கை கொப்பளித்தது. எங்கள் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடினார். தினமும் காலையில் ஷென் வாயிலாக என்னிடம் ஒரே கேள்வி: "பேய் போச்சா?"

"வால் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, துரை" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

பிறகு மறுபடி பறந்தார், மறுபடி வென்றார். ஊர் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "வாயைத் திறக்காதே துவான். உனக்கு இருக்கிறது ஒரு தலைதான்."

நான் திறக்கவில்லை. முதலில் சட்டத்துக்குப் பயந்தேன். பிறகு வந்தது அமெரிக்கரைத் தெரியும் என்று சொல்லவே பயந்த காலம். அதுவும் போனபின்? கடை பெரிதாகிவிட்டது. பேய்க்குப் பயந்து ஓடியவனிடம் யார் சரக்கு வாங்குவார்கள் என்று பயந்தேன். கடிதத் தொடர்பு மீண்ட பிறகு ஆண்டுக்கு ஒன்று எழுதுவார். கடைசி வரி அதே கேள்வி. நானும் அதே பதில் எழுதுவேன்.

நேற்றுக் காலை அரிசி நூடுல்ஸ் கடையில் ரூத் அவர்கள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஷென் வாயிலாகக் கேட்டார்: "எங்கப்பா அன்னைக்குக் குடிச்சிட்டுத்தான் விமானத்தை உடைச்சாரா? எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அம்மா சாகிற வரைக்கும் கேட்டாங்க. அவர் சிரிச்சாரே தவிர பதில் சொல்லல."

நான், எழுபத்து நான்கு வயது ஆள், குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். பழி ஊரறிய விழுந்தது. அதை நூடுல்ஸ் கடையில் துடைக்க முடியுமா?

மேடையிலிருந்து ஷென் கேட்கிறார்: "துவான், இதையும் மொழிபெயர்க்கவா?"

ஒரு சொல் விடாமல் மொழிபெயருங்கள் ஐயா! அன்றைக்குப் பொய்யை அழகாக மொழிபெயர்த்தீர்கள்; இன்றைக்கு உண்மையை மொழிபெயருங்கள்.

ரூத் அம்மா! உங்கள் தந்தை அன்று எங்களைப்போல் வெந்நீர்தான் குடித்திருந்தார். குறுக்கே ஓடியவன் நான். எனக்கு இருந்த ஒரு தலைக்காக அவர் தன் நல்ல பெயரைக் கொடுத்தார். கொடுத்ததை ஐம்பத்திரண்டு ஆண்டு திருப்பிக் கேட்கவே இல்லை.

நினைவுக்கல் எழுப்பும் குழுவினரே! 'கவனக்குறைவால் ஒரு விமானம் இழந்தார்' என்று செதுக்க வைத்திருக்கும் வரியை அடியுங்கள். 'ஒரு கூலியாளுக்காக ஒரு விமானத்தைக் கொடுத்தார்' என்று செதுக்குங்கள். அந்தக் கூலியாளின் பெயரையும் போடுங்கள். கடைக்குக் கூட்டம் குறைந்தால் குறையட்டும்! அந்தக் கல்லுருளை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த ஊர் கூடி அதை ஓடுபாதையின் நீளத்துக்கு இழுக்கும், இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இழுக்கும் என்று உங்கள் எல்லோர் சார்பிலும் உறுதி சொல்கிறேன். எனக்கு நடக்கிற கால் இருக்கும்வரை முதல் வடம் என்னுடையது.

அதோ, ரூத் அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறார். பாருங்கள், அதே சிரிப்பு!

கேப்டன், உங்கள் கடைசிக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

போச்சு துரை. வாலோட போச்சு.