என் மூக்கை நம்பியவர்

நீங்கள் எங்கள் உணவகத்தில் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறீர்கள், சார். உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. மனைவியோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தீர்கள். அகலத் தட்டின் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு எதையோ வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாடு பின்னால் வரும் என்று நினைத்து நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள். அதுதான் சாப்பாடு என்று பரிமாறுகிற பெண் சொன்னபோது உங்கள் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். வீட்டுக்குப் போய் மறுபடியும் சாப்பிட்டிருப்பீர்கள். அதில் தப்பில்லை. எங்கள் சமையல்காரர்களே அப்படித்தான்.

அங்கே தலைமைச் சமையல்காரி நான். இந்தியச் சமையலை எடுத்து, வெளிநாட்டு முறைகளில் பிரித்துப் போட்டு, புதிதாகக் கட்டித் தருவது எங்கள் வேலை. பருப்பு நுரையாக வரும். புளி பனிக்கட்டியாக வரும். மாங்காய் காகிதம்போல மடித்து வரும். வீட்டில் ஒரு குழந்தை சாப்பாட்டோடு இப்படி விளையாடினால் முதுகில் ஒன்று வைப்போம். அங்கே அதற்குக் கை தட்டினார்கள். ஆனால் கடைசியாக வருகிற தட்டு விளையாட்டு இல்லை. கண்ணாடி மூடிக்குள் பெருங்காயப் புகையை நிரப்பிக் கொண்டுவந்து, மேசையில் வைத்து மூடியைத் தூக்குவோம். அந்த வாசனை எழுந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது நான் யோசித்துச் செய்தது. அதற்காகவே ஆட்கள் முன்கூட்டி இடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார்கள்.

எனக்கு அந்தத் தொழிலில் இருந்த பேரெல்லாம் என் மூக்கால் வந்தது. பால் திரியப்போகிறது என்று திரிவதற்கு முன்னாலேயே சொல்வேன். மூடின டப்பாவைக் கையில் வாங்கி, உள்ளே இருப்பது பழைய மிளகா புது மிளகா என்று சொல்வேன். முதலாளி விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது என்னைவிட என் மூக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். அவர்கள் எதையாவது கைக்குட்டைக்குள் மறைத்து என் முன்னால் நீட்டுவார்கள். நான் சொல்வேன், அவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. வாசனை மட்டும் இல்லை. பூண்டை நசுக்கி முகத்தருகே வைத்துக்கொண்டு குளியலறையில் நின்று அழுதேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கண் போனவரைப் பார்த்தால் பரிதாபப்படுவார்கள். மூக்கு போன சமையல்காரியைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

சமாளிப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எல்லாவற்றையும் எடை போட ஆரம்பித்தேன். பக்குவத்தை நிறத்தில் பார்த்தேன், சத்தத்தில் கேட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம்தான் எங்கள் சாப்பாட்டில் ஒரு நிதானம் வந்திருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். அளவாலும் நிறத்தாலும் பிடிபடாத விஷயங்களுக்கு என் கொழுந்தனாரின் முகம் இருந்தது.

அவர் என் கணவரின் தம்பி. வைத்திருந்த பட்டறையை மூட வேண்டி வந்தபோது நான்தான் அவரை எங்கள் சமையலறையில் சேர்த்துவிட்டேன். அடுப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் என்னைச் செஃப் என்பார்கள், அவர் மட்டும் அண்ணி என்பார். எவ்வளவு சொல்லியும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. மனதில் பட்டது முகத்தில் வந்துவிடும் மனிதர். பண்டம் நன்றாக வந்திருந்தால் கண் பாதி மூடும். கெட்டுப்போனது எதிரே வந்தால் உதடு ஒரு பக்கமாக இழுக்கும். நான் எதையும் முகர்ந்து பார்க்கிற மாதிரி குனிந்து, ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பேன். பிறகு என் தீர்ப்பைச் சொல்வேன். அவர் முகத்தில் எனக்குத் தெரியாத பக்கம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஒரு பாத்திரம் பாலாடைக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வந்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்படியே தொட்டியில் கொட்டிக் கழுவினார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஏன் தம்பி? நல்லாத்தானே இருக்கேன்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன். கொஞ்ச நாள் லீவு போடுங்களேன். நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே எனக்குக் கூசியது. கண்டுபிடித்துவிட்டாரா, இல்லையா என்று தெரியவில்லை. கண்டுபிடித்திருந்தால் யாரிடம் சொல்வார் என்று தெரியவில்லை. என்னைப் பற்றி நல்லதைத் தவிர எதையும் வெளியே பேசாதவர் அவர். அவரிடமே எனக்கு அந்தப் பயம் வந்தது.

இனி அந்தச் சாயங்காலம். முதலாளி இரண்டு கூட்டாளிகளை அழைத்து வந்திருந்தார். இன்னொரு உணவகம் திறப்பதாகவும், அதற்கு என் பெயரையே வைப்பதாகவும் பேச்சு. எங்கள் சமையலறையை நீங்கள் பார்த்தபோது கருகிக் கிடந்தது, அதனால் சொல்கிறேன். விருந்தாளிகள் சாப்பிடுகிற கூடத்துப் பக்கம் இருந்த மேடையில்தான் புகை நிரப்புவோம். அடுப்புகள் எதிர்க்கோடியில், படியிறங்கிப் போகிற பள்ளத்தில் இருந்தன. புகை நிரப்புகிற நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவோம், இல்லையென்றால் புகை மூடிக்குள் நிற்காது. மதியம்தான் ஓர் ஆள் வந்து அடுப்புகளுக்குக் கேஸ் ட்யூப் மாற்றிவிட்டுப் போயிருந்தார். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படியும் என்று நீங்களே எனக்கு விளக்கினீர்கள். எனக்கு அது முன்பே தெரியும் சார். சமையலறையில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

முதலாளி கூட்டாளிகளோடு கூடத்துக் கதவில் நின்று புகை போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அடுப்புப் பக்கம் இருந்து கொழுந்தனார் கூப்பிட்டார்.

"அண்ணி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க. இது பெருங்காயமா, கேஸா? எனக்குப் பிடிபடல."

இது அசட்டுக் கேள்வி இல்லை. அந்தப் புகைக்கு நடுவே நின்றால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று மூக்கு இருந்த காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். நான் இறங்கிப் போனேன். முதலாளி பின்னாலிருந்து கூட்டாளிகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இப்பப் பாருங்க. கேஸ் கம்பெனிக்காரனே எங்க செஃப்பைக் கேட்டுட்டுத்தான் சிலிண்டர் மாட்டணும்."

அவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து மூச்சை இழுத்தேன். வெறும் காற்று. கொழுந்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சோதிக்கிறார் என்று தோன்றியது. பாலாடை விஷயத்தை இத்தனை பேர் முன்னால் உடைக்கப் போகிறார் என்று தோன்றியது. இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிற காரணம் இதுதான். இது பாதி உண்மை.

"எதுக்கும் ஃபேனைப் போடுங்க, கதவைத் திறங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு மூக்கே வேண்டாம், எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் சொல்வாள். ஆனால் மூக்கில்லாதவர்கள் சொல்கிற பதில் அது. முதலாளி காத்திருந்தார்.

"பெருங்காயம்தான் தம்பி. பழைய கட்டி, அதான் நெடி. பத்த வைங்க."

"நீங்க சொன்னா சரி அண்ணி" என்றார். சந்தேகம் தீர்ந்த நிம்மதி அவர் குரலில் இருந்தது. சோதிக்கிறவருக்கு அந்தக் குரல் வராது.

நான் படியேறி மற்றவர்களைத் தாண்டிக் கூடத்துக்குள் போனேன். பின்னால் வெடித்த வேகத்தில் கதவு வந்து முதுகில் மோதியது. மேலே இருந்தவர்களுக்குக் காயத்தோடு போயிற்று. அவரை மட்டும் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு இருந்தது. பேசவும் பேசினார். உங்களிடம் அவர் மனைவி கொடுத்த சாட்சி அங்கே அவர் சொன்னதுதான். அண்ணி பார்த்தபோது கேஸ் இல்லை, அண்ணி மூக்கு தப்பாது, அவர் போன பிறகு நான்தான் அடுப்புக் குமிழைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டு நின்றிருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படி அவர் நிற்கவில்லை. என் சொல்லைப் பொய்யாக்க மனம் வராமல் தன் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டார். நீங்கள் அதையே எழுதிக்கொண்டீர்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன், பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவர் கவனமில்லாம இருந்ததால உங்க பொழப்பும் போச்சுக்கா. அவரை மன்னிச்சிடுங்க" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து, "அதெல்லாம் ஒண்ணும் நினைக்காதே" என்று சொன்னேன். மன்னித்துவிட்டேன் சார். செத்துப்போனவரை, அவர் பெண்டாட்டி எதிரில் நின்று மன்னித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை. நீங்கள் விசாரணையை முடித்துவிட்டீர்கள் என்று தெரிந்தும் நானாக இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

மூக்கு இல்லாததால் ஏமாந்துவிட்டேன், வெட்கத்தால் வாய் தவறிவிட்டது என்று எழுதிக்கொள்ள உங்களுக்கு இடம் இருக்கிறது. இங்கே வருகிற வழியெல்லாம் அப்படிச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் அண்ணி என்று கூப்பிட்டபோது அவருடைய உதடு ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பெருங்காயத்துக்கு அவர் முகம் ஒருநாளும் அப்படிப் போனதில்லை. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி விடுமுறை. சித்தப்பாவுக்குப் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். நான் விடவில்லை. கூடத்தில் மேசைகளுக்குப் பூ வைக்க வேண்டும் என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வலிக்கிறது அம்மா என்று படியேறும்போது சொன்னாள்.

மேசைகளில் மதியமே பூ வைத்தாகிவிட்டது.