நாரின் போட்டியின் நன்றியுரை

நன்றியுரையைச் சுருக்கமாக முடிப்பதுதான் நல்லது. சமையல்கட்டிலிருந்து ஆட்டிறைச்சி வாசம் வர ஆரம்பித்துவிட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எங்கள் மலையூரான நாரினில், பல்லாங்குழி மாதிரியான தோகுஸ் கோர்கோல் ஆட்டத்துக்குப் போட்டியைத் தொடங்கியது நான். பள்ளிக்கூடத்து அரங்கில் ஒன்பது குழிப் பலகைகளைப் போட்டு, ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டு நடத்தினேன். சைகால் பிறகு வந்தவள். சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்த தொண்டர்களில் ஒருத்தி, அவ்வளவுதான்.

கெட்டிக்காரி. அடுப்பு மூட்டுவது, ஆட்டக்காரர்களுக்குப் படுக்க இடம் பிடிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவள் கைக்குப் போய்விட்டது. கடைசி நாள் காலையில் தேநீர் குடிக்கும்போது டிராக்டர் ஓட்டும் தோக்தோசுன் என்னிடமே சொன்னான்:

"அண்ணே, இன்னிக்கு விழாவுல சைகாலுக்குத்தான் மரியாதை மேலங்கி போர்த்தணும்னு எல்லாரும் பேசிட்டோம். அவ இல்லன்னா போட்டி ஏது?"

"நல்ல யோசனை தம்பி," என்றேன்.

பிறகு சைகாலைக் கூப்பிட்டேன். பரிசுப் பலகைகள் கணவாய்க்கு அப்பால் கொச்கோரில் தச்சரிடம் இருந்தன. அவற்றைப் பிறகு கொடுத்தாலும் போதும்; மறுநாள் பேருந்திலேயே வந்திருக்கும்.

"நீயே கார்ல போய் எடுத்துட்டு வாம்மா. வேற யாரையும் நம்ப முடியல."

"கணவாய்ல பனி கொட்டுதாமே அண்ணே?"

"காலையில வந்த லாரிக்காரன் ரோடு நல்லா இருக்குன்னான்."

எந்த லாரிக்காரனும் வரவில்லை. விழா முடியும்வரை அவள் இங்கே இருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் எதையும் நான் நினைக்கவில்லை.

இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவள் போனில் அழைத்தாள். நடைபாதைக்கு வந்து பேசினேன்.

"அண்ணே, வண்டி தோலோன் கணவாய்ல பள்ளத்துல இறங்கிடுச்சு. என்ஜினும் நின்னுபோச்சு. ரோட்டுல ஒரு ஆள் இல்ல. போன்லயும் சார்ஜ் கொஞ்சந்தான் இருக்கு. யாரையாச்சும் அனுப்புங்க."

"இதோ, தோக்தோசுன் டிராக்டரை எடுத்துட்டான். நீ வண்டியை விட்டு இறங்காத. போனை அணைச்சு வை, சார்ஜ் மிச்சமாகும்."

"சரிண்ணே. நீங்க இருக்கீங்கன்னு தைரியமாத்தான் இருக்கேன்."

உள்ளே போனேன். தோக்தோசுன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அரங்கம் காலியாகியிருக்கும். அவளுக்காக அத்தனை பேரும் ஓடியிருப்பார்கள். விழா முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மேடையேறி ஒவ்வொரு தொண்டரையும் பெயர் சொல்லி நன்றி கூறினேன். முற்றத்துப் பனியை ஒதுக்கிய தோக்தோசுனுக்கும் நன்றி சொன்னேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். சைகால் பெயரைச் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அவள் இல்லாததால் மேலங்கியை என் தோளில் போர்த்தினார்கள். கனமாக இருந்தது.

விழா முடிந்தது. இப்போது சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சாப்பிட்ட பிறகு சொல்வது அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. "சைகால் எங்க?" என்று தோக்தோசுன் கேட்டான். தச்சர் வீட்டில் தங்கியிருப்பாள் என்றேன். மறுநாள் பனி வாரும் வண்டிக்காரர்கள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். இருக்கையில் சாய்ந்தபடி உறைந்திருந்தாளாம்.

அடக்கத்தன்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு ரொம்பப் பயந்திருப்பாளாப்பா?"

"இல்லம்மா. அவ பயப்படல."

அந்தம்மா என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியைத்தான் இந்த போலீஸ் விசாரணையில் நீங்களும் கேட்கிறீர்கள், ஐயா. ஆமாம், அவளை அனுப்பியது நான். உதவி கேட்டாள், அனுப்பாமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டிராக்டர் வந்துகொண்டிருக்கிறது என்று கடைசிவரை நம்பியிருப்பாள். அந்த நிம்மதியையாவது அவளுக்கு நான் கொடுத்தேன்.