ஏணி மேட்டில் கேரவனுக்குப் பின்னால் நடந்தவர்

என் பெயர் செல்வின் ஹக்ஸ்டபிள். தகப்பனார் பெயர் எஃப்ரைம் ஹக்ஸ்டபிள். வயது எழுபத்தேழு. டெவன் மாவட்டம் மெரிகோம் கிராமத்தில் கடல் பாதைக் கேட்டை ஒட்டிய கல் வீட்டில் குடியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்குச் சொந்தமான அந்தப் பாதையின் கேட்டைத் திறந்து மூடுவது என் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. இந்த 1976 ஆகஸ்ட் மாதம், கடந்த சனிக்கிழமை நடந்ததைப் பற்றிப் போலீஸ் சார்ஜென்ட் கோல்ஸ் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் கேட்டுக்கு முன்னால் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் கேட் வழியாகக் கடலோரம் வளைந்து வளைந்து மெதுவாக ஏறும் பாதை. காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கட்டி இழுத்து வருகிறவர்கள் அதில்தான் போவார்கள். வலப்பக்கம் ஏணி என்று நாங்கள் சொல்லும் செங்குத்து மேடு. இரண்டும் வேண்டாம் என்றால் வந்த வழியே திரும்பிப் பெரிய ரோட்டில் சுற்றிப் போகலாம். இந்த வருஷம் மழையே இல்லாததால் கேட்டுக்குப் பக்கத்துக் கல் தொட்டியில் சொட்டும் ஊற்றுத் தண்ணீரைத்தான் நானும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் குடிக்கிறோம்.

சம்பவ நாளன்று பகலில் ஒரு பழுப்பு நிறக் கார் கேரவனோடு வந்து தொட்டி அருகே நின்றது. பிக்ஸ்டாக் என்று பிறகு நான் பெயர் தெரிந்துகொண்ட தம்பதி அதில் இருந்தார்கள். மனைவி டோரீன் இறங்கி வந்து, "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குங்களா?" என்று கேட்டார். நான் கோப்பையில் மொண்டு கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே புருஷன் நார்மன் கேரவனுக்குள்ளிருந்து மலவாளியைத் தூக்கி வந்து, நாற்றம் போக அவர்கள் அதில் ஊற்றும் நீல மருந்தோடும் காகிதத்தோடும் அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, வாளியை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசினார். அந்த அம்மா கோப்பையை உதட்டிலிருந்து எடுத்து மதில்மேல் வைத்தார்.

"யோவ், அது குடிக்கிற தண்ணிய்யா!" என்றேன்.

"மேடு ஏறணும்ல, பாரத்தைக் குறைக்க வேண்டாமா? ஊத்துத் தண்ணிதானே பெரியவரே, அடிச்சிட்டுப் போயிடும்," என்றார்.

அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு அதில் தண்ணீர் இல்லை. அது அங்கேயே மிதந்தது. இப்போதும் கிடக்கிறது, சார்ஜென்டே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

அதன் பிறகு மேற்படி நபர் கையைக்கூடக் கழுவாமல் காரில் ஏறி, கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஹார்ன் அடித்தார். நான் சங்கிலியைக் கழற்றவில்லை. "உனக்குத் திறக்க மாட்டேன். பின்னால எடுத்துப் பெரிய ரோட்ல சுத்திப் போ," என்றேன். மேட்டில் ஏறு என்று நான் சொல்லவில்லை. அதற்குள் பின்னால் இரண்டு கார்கள் வந்து சேர்ந்து, அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றன. அவர் கேரவனைப் பின்னால் எடுக்க முயன்றார். அவருக்கு அது வரவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் கேரவன் இன்னொரு பக்கம் மடங்கியது, திரும்பவும் எடுத்தார், மதிலில் இடித்தது. பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, கேரவன் உங்க மூஞ்சியைப் பாக்கணும்னு திரும்புது போல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அந்த அம்மா கார் ஜன்னல் அருகே போய், "நார்மன், கேரவன் கொக்கியைக் கழட்டிடலாம்ப்பா. இத்தனை பேர் இருக்காங்க, கையால தள்ளித் திருப்பிக் கொடுத்துடுவாங்க," என்றார். சிரித்தவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னே வந்தார்கள். மேற்படி நபர், "இவனுங்க அழுக்குக் கை என் வண்டி மேல படக் கூடாது," என்றார். மலவாளி அலசிய கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

அதன் பிறகு முன்னால் எடுத்தால் போதும் என்று காரை வலப்பக்கம் ஒடித்து மேட்டுக்குத் திரும்பினார். மனைவியைக் காரில் ஏற விடாமல் ஒரு ஆப்புக் கட்டையைக் கையில் கொடுத்து, "நீ ஏறுனா இழுக்காது. பின்னாலயே நடந்து வா. வண்டி நின்னா சக்கரத்துக்கு அடியில வை," என்றார். இதை நான் என் காதால் கேட்டேன். அந்த அம்மா காலில் வெள்ளைச் செருப்பு மட்டும் இருந்தது. "அம்மா, நேர் பின்னால நடக்காதீங்க, ஓரமா வாங்க," என்று நான் சொன்னதற்கு, "அவருக்குக் கோவம் வந்துடும் பெரியவரே," என்றார்.

அதன் பிறகு எனக்கு மனசு கேட்காமல் கேட்டைத் திறந்து வைத்து, "வந்து தொலைய்யா, இந்தப் பக்கமே போ!" என்று கத்தினேன். காது கேட்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஈயை விரட்டுவதுபோல என்னை விரட்டிவிட்டு ஏறினார்.

எங்கள் கண்ணில் படும் முதல் வளைவை எட்டுவதற்குள் கிளட்ச் கருகும் நாற்றம் கீழே வரை வந்தது. கார் நின்றது. பிறகு பின்னால் இறங்கியது. அந்த அம்மா ஓடவில்லை. சொன்னபடி குனிந்து கட்டையை வைத்தார். சக்கரம் கட்டையின் மேலும் அதன் பிறகு அவர் வலது காலின் மேலும் ஏறி, கேரவன் மண்கரையில் சாய்ந்து நின்றது. உள்ளே பீங்கான் தட்டுகள் விழும் சத்தம் அடங்க நேரமானது. நாங்கள் ஓடிப்போய்க் கேரவனைத் தோளால் தூக்கிக்கொண்டிருந்தபோது மேற்படி நபர் காரிலிருந்து இறங்கி வந்து, முதலில் மடங்கிப்போன கொக்கியைத் தடவிப் பார்த்தார். அதன் பிறகு மனைவியைப் பார்த்து, "கட்டையை ஏன் கோணலா வச்ச?" என்றார். அந்த அம்மா, "மன்னிச்சுக்கோ," என்றார்.

நான் இந்த வயதுக்கு எத்தனையோ பார்த்துவிட்டேன், சாக்கடையில் செத்து ஊதிப்போன ஆட்டைக் கையால் இழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு வாந்தி வந்தது இந்த ஒரு தடவைதான்.

இன்று சார்ஜென்ட் கோல்ஸ் மேற்படி நபரின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில், நான் வழியை மறித்ததால்தான் மேட்டில் ஏற நேர்ந்தது என்றும், மனைவி கடலைப் பார்க்கும் ஆசையில் தானாகவே இறங்கி நடந்தார் என்றும் இருந்தது. வழியை மறித்தது உண்மை. அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம், அதற்கு என்ன உண்டோ நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும், கடலைப் பார்க்கத்தான் இறங்கினேன் என்று அவரும் சொல்லிவிட்டார் என்றும் சார்ஜென்ட் சொன்னார். அப்போது புருஷன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டேன். இருந்தார் என்றார்.

அந்த அம்மா பொய் சொன்னதாக என் பேரில் எழுத வேண்டாம். ஏணி மேட்டில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்கரை, அதன்மேல் அடர்ந்த வேலிச்செடி. அங்கே கேரவனுக்குப் பின்னால் நடக்கிறவருக்குக் கடல் தெரியாது, கேரவனின் முதுகுதான் தெரியும் என்று மட்டும் எழுதினால் போதும்.

மேலே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. அத்தனையும் உண்மை என்பதற்கு என் கையால் கீழே குறி போடுகிறேன்.

X
செல்வின் ஹக்ஸ்டபிள் இட்ட குறி

என் முன்னிலையில்: சார்ஜென்ட் கோல்ஸ்