சிவப்புப் பொட்டு

இல்ல ட்ராவிஸ், அந்தத் துப்பாக்கி வெடிச்ச சத்தம் டமால்னு இல்ல. படீர்னு, காஞ்ச பலகை முறியற மாதிரி. வருஷம் எத்தனையோ ஆச்சு, இன்னும் என் காதுலயே நிக்குது. உன் மாமா ஹார்லன் கொட்டாய்க்குப் பின்னால சுட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அடுப்புல பிஸ்கட் வச்சிருந்தேன்.

நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு மாப்ள. ரிவால்வர மேச மேல வைக்க மாட்டியா? சரி, கையிலயே வச்சுக்க. கேக்காம அலமாரியத் தொறந்து எடுத்தாலும் மாமனார் பொருள்தானே. இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டா? எம்பொண்ணு மார்னி மாடியில தூங்கட்டும், பாவம். உதடு ரொம்ப வீங்கியிருக்கு. எப்படின்னு நான் கேக்கல.

தோட்டாவ வீட்டுலயே செய்யற ஹார்லனுக்கு ஒரே பித்து. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா வேணும். மாடு தேடி மலைக்குப் போனா, ஒரு பையில கைய விட்டாப் போதுமாம். அளவு ஒண்ணுதான், ரெண்டுலயும் உள்ள போவும். ஆனா ரைபிளுக்குப் பிடிச்ச அளவு வெடிமருந்து ரிவால்வருக்கு ஆவல. கொறைச்சாரு, ரைபிள் குறி தப்புச்சு. மொன்டானா குளிர்ல கொட்டாயே கதின்னு கெடந்தாரு. ரெண்டு வயித்துக்கும் ஒரே சாப்பாடு ஒத்துக்குமா மனுசான்னு நான் கேட்டா, ஏன், நாம குடும்பம் நடத்தலியாம்பாரு. சிரிப்புதான்.

கடைசியில ரெண்டு விதமா செஞ்சாரு. மருந்து அதிகமா போட்ட கடுசானது ரைபிளுக்கு மட்டும். அடையாளத்துக்கு அந்தத் தோட்டாவோட அடியில என் நகப்பூச்சுல ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு தடவ பொட்டு வைக்க மறந்துட்டாரு. அந்தத் தோட்டா ரிவால்வருக்குள்ள போயிருச்சு. அதான் அந்தச் சத்தம். அந்த ரிவால்வர் சிதறிப்போச்சு, உன் கையில இருக்கறது அதோட ஜோடி.

ஆமா, நீ எந்த டப்பாவுலேருந்து போட்ட? மேல் தட்டா? பொட்டு இருந்துச்சா?

இல்லியா? அப்பாடான்னு மூச்சு விடாத. அதுக்கப்புறம் இந்த வீட்டுல தோட்டா செய்யறது நான்தான். போன குளிர்காலத்துல நகப்பூச்சு தீந்துபோச்சு, வாங்கல. நான் ரைபிள்தான் எடுப்பேன், எனக்கு எதுக்கு அடையாளம்? தொறந்து பாக்கறியா, பாரு. வெளிய பாத்தா கடுசானதும் லேசானதும் ஒண்ணுபோலதான் இருக்கும்.

மாடிக்கா? போயேன். படுக்க காலி. நீ வேலிக்கிட்ட வண்டிய நிறுத்தறப்பவே பின்வாசல் வழியாப் போயிட்டா. பக்கத்துப் பண்ணைக்காரரு வண்டி. நீ ரெண்டு கோப்பை காப்பி குடிச்சு முடிச்சிட்ட, இந்நேரம் இடாஹோ எல்லையத் தாண்டியிருப்பா.

என் மேலயா குறி? சுடு மாப்ள. உனக்குத் தைரியம் இருந்தா சுடு. உன் மொகத்துக்கு நேரா மட்டும் பிடிக்காத.

மாமா விரல் வைக்கோல் மிஷின்ல போச்சுன்னுதானே மார்னி உங்கிட்ட சொன்னா? அவருக்கு வெக்கம், ரிவால்வர் சிதறினத மறைச்சு ஊருக்கே அப்படித்தான் சொன்னோம். சாகற வரைக்கும் அவரு சட்டைக்குப் பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன்.