பூட்டைப் படம் பிடித்தவள்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்:

"உன் நாத்தனாருக்கு வந்த வியாதிதான் எனக்கும்ன்றாரு டாக்டரு, யக்கா."

"அவ நாள் பூரா கை கழுவிக்கினு இருந்தா. நீ சாப்பிடக்கூட கழுவ மாட்டியேடி."

"எனக்குப் பூட்டு. பூட்டினேனான்னு நாலு தபா திரும்பிப் போய்ப் பாக்குறேன். இன்னிக்கும் பஸ்ஸ உட்டா வேலைக்கே வராதன்ட்டாரு சூப்பர்வைசரு."

"அவளுக்கு மாத்திரைல கொறஞ்சிடுச்சே."

"எனக்குக் கொறையுது, மறுபடி வருது. இன்னான்னே புரியல."

"பூட்டினதும் போன்ல படம் புடிச்சி வச்சிக்க."

"வச்சிருக்கேன். அது இன்னிக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததான்னுதான் பேஜாரா கீது."

பஸ் வந்தது. மூத்தவள் போனை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"இன்னிக்குதான்டி. ஏறு."

"சரிக்கா" என்று போனை வாங்கிக்கொண்டு, இளையவள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.