மெத்தை ஏற்றிய அழுத்தம்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! எங்கள் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அவர்களே! அளந்து அளந்து கண் சிவந்த மருத்துவர்களே! பட்டை சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த செவிலியர்களே! இவர்கள் அனைவருக்கும் மேலாக நான் மதிக்கும், எங்கள் ஆராய்ச்சிக்காகக் கையை நீட்டிய தாய்மார்களே, பெரியோர்களே! கருவிகளைப் பழுதுபார்க்கும் இந்த எளியவனின் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

'குருதியை அளக்கும் கருவிகளின் பெருமை' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெருமை இல்லையா? கழுத்தோரம் ஒரு சிறு கோலை வைத்தால் உள்ளே ஓடும் இரத்தத்தின் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்கிறோமே, அது பெருமை இல்லையா? விரலில் மோதிரம்போல் ஒரு பட்டையை மாட்டினால் துடிப்புக்குத் துடிப்பு அழுத்தத்தை எழுதிக் காட்டுகிறதே, அது பெருமை இல்லையா? பின்வரிசையில் ஒருவர் "சத்தமா பேசுங்க" என்கிறார். ஐயா, இதற்குமேல் கத்தினால் முதலில் என் அழுத்தத்தைத்தான் அளக்க வேண்டியிருக்கும்!

ஆனால் அவையோரே, நான் பெருமை பேச வரவில்லை. பிழை பேச வந்திருக்கிறேன். என் பிழை.

அந்த விரல் கருவிக்கு ஒரே ஒரு விதி. விரலும் இதயமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். விரல் தாழ்ந்தால் அழுத்தம் ஏறிக் காட்டும். உயர்ந்தால் இறங்கிக் காட்டும். அதற்காகவே கட்டிலில் படுப்பவரின் நெஞ்சுக்கு நேராகச் சுவரில் ஒரு கைப்பலகை அடித்து வைத்தேன். அளந்து அடித்தவன் நான். ஆணி அறைந்தவனும் நான்.

கட்டில் கட்டாந்தரைபோல் இருக்கிறது என்று படுத்தவர்கள் எல்லாம் முனகினார்கள். "முதுகு ஒடியுது தம்பி" என்றார் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். மனம் கேட்குமா? நல்ல தடித்த மெத்தை ஒன்றை வரவழைத்துப் போட்டேன். படுத்தவர்கள் வாழ்த்தினார்கள். தபால்காரர் குறட்டையே விட்டார். நானும் மனம் குளிர்ந்து போனேன். மெத்தை ஏறியது, நெஞ்சு ஏறியது, கைப்பலகை மட்டும் அடித்த இடத்திலேயே இருந்தது. எல்லாருக்கும் பத்துப் பதினொரு புள்ளி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது கருவி. தினமும் சரிபார்ப்புத் தாளில் 'அனைத்தும் சரி' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் நான். குழாய்க்கு ஒரு கட்டம் உண்டு, கம்பிக்கு ஒரு கட்டம் உண்டு. மெத்தைக்குக் கட்டம் ஏது?

மற்றவர்களுக்கு ஏறிய அளவும் வரம்புக்குள் நின்றது. ஒருவருக்கு மட்டும் வரம்பைத் தாண்டியது. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்க்கும் அம்மா அவர். நாங்கள் இஸ்திரியக்கா என்போம். ஆய்வு மருத்துவர் அவருடைய இரத்த அழுத்த மருந்தின் அளவைக் கூட்டினார். அக்காவுக்குத் தலை சுற்றியது. தேய்க்கும் மேசையிலேயே சாய்ந்து மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். அப்போதும் கருவி உயர்வாகவே காட்டியது.

"அக்கா, மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு வேளைகூட விடல டாக்டரம்மா."

"அப்புறம் ஏன் இறங்க மாட்டேங்குது? மெஷின் பொய் சொல்லுமா?"

சுற்றிலும் நாலு பேர் நின்றோம். ஒருவராவது வாய் திறந்தோமா? 'மருந்து உட்கொள்வதில்லை' என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதி, அக்காவை ஆய்விலிருந்தே நீக்கினார்கள். வீட்டில் மருமகள் மாத்திரைகளை எண்ணத் தொடங்கினாள். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? மாமியார் நன்றாக இருக்க வேண்டுமே என்ற பதைப்பு. அந்தச் சந்தேகத்தை அவள் மனத்தில் போட்டவர்கள் நாங்கள்.

என் கதையைக் கேளுங்கள். ஒருநாள் கருவியைச் சோதிக்க நானே படுத்தேன். என்றும் நூற்றிருபது காட்டும் எனக்கு நூற்று முப்பத்தொன்று! கருவியைச் சந்தேகித்தேனா? இல்லை, என்னைச் சந்தேகித்தேன்! இரண்டு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டேன். மருந்துக் கடையில் அளந்து பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, ஒழுங்கா சாப்பிடுங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைக்காரன் மெஷினெல்லாம் ஒரு மெஷினா?" சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். எனக்கே சிரிப்பு வருகிறது.

ஒரு காலையில் துப்புரவு அம்மா மெத்தையை வெயிலில் காயப் போட்டிருந்தார். வெறுங்கட்டிலில் படுத்தேன். நூற்றிருபது! மெத்தையைக் கொண்டுவந்து போட்டுப் படுத்தேன். நூற்று முப்பத்தொன்று! படுத்தபடியே திரும்பிக் கைப்பலகையைப் பார்த்தேன். என் நெஞ்சுக்கு முக்கால் சாண் கீழே கிடந்தது என் கை.

மருத்துவரிடம் ஓடினேன். அவர் ஒரு சொல் தப்பிக்கப் பேசவில்லை. மெத்தை போட்ட நாள்முதல் எடுத்த அளவுகள் அத்தனையையும் தள்ளிவைத்தார். மருந்தைக் குறைத்தார். சிவப்பு வரியை அடித்தார். இருவருமாகச் சலவைக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டீங்க. இல்லைன்னு மட்டும் தனியா வந்து சொல்றீங்களே தம்பி."



அதனால்தான் அன்பர்களே, இந்த மேடை. அதனால்தான் இந்த ஒலிவாங்கி. நாலு பேர் முன்னால் செய்த தவறு இது. நானூறு பேர் முன்னால் சொல்கிறேன். கருவியை நம்பினோம், காகிதத்தை நம்பினோம், கையெழுத்தை நம்பினோம். "தலை சுத்துது தம்பி" என்று கண்ணீரோடு சொன்ன மனுஷியை மட்டும் நம்பவில்லை. கருவிக்காகவா மனிதர்? மனிதருக்காகத்தானே கருவி!

மூன்றாம் வரிசையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளே, உன்னிடம்தான் பேசுகிறேன். உன் மாமியார் ஒரு வேளை மாத்திரையையும் விடவில்லை. ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. தவறு என்னுடையது. இனி அவர் வாயைத் திறந்து காட்ட வேண்டாம் அம்மா.

அக்கா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த பெருமக்களுக்கும், தலைப்பை மீறியவனைத் தடுக்காத தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி, அக்காவின் திசை நோக்கி வணங்கி, விடைபெறுகிறேன்.