ப்ரிட்டாவுக்கு வந்த கடுதாசிகள்

— கயிறு ரெண்டாவது டிராயர்ல இருக்குன்னுதானே சொன்னேன்? மூணாவதை யாரு உன்னைத் திறக்கச் சொன்னது?

— ரெண்டாவதுல விசிலும் பழைய கட்டுத்துணியும்தான் கிடந்துச்சு கோச். பேனரைக் கையில புடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? அடுத்ததைத் திறந்தேன். கயிறும் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு.

— நேத்து சாயங்காலம் எடுத்ததை இப்ப காலையில கொண்டாந்து நீட்டுற. நல்ல நேரம் பாத்தே போ! இன்னும் ஒரு மணி நேரத்துல இந்த ஜிம்முக்கு ஊரே வரப்போகுது ப்ரிட்டா. மான் வேட்டைக்குக் கெளம்பினவங்ககூட நின்னு, நீ டன்ராக் காலேஜ் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதைப் பாத்துட்டுப் போறோம்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு பொண்ணு பெரிய காலேஜுக்கு சாஃப்ட்பால் ஆடப் போறது இதுதான் முதல் தடவை.

— ஏழு கடுதாசி. ஏழும் என் பேருக்கு. 'ப்ரிட்டா ஹாவர்சன், கோச் நோவாக் வழியாக'ன்னு போட்டிருக்கு. ஏழும் லார்க்மன்ட் காலேஜ்ல இருந்து. ஏழையும் யாரோ பிரிச்சிருக்காங்க, நான் பிரிக்கல.

— இங்க பாரு கண்ணு, கொஞ்சம் உக்காரு.

— நிக்கிறேன்.

— சரி, நில்லு. நான் சொல்றதைக் கேளு. லார்க்மன்ட் என்ன காலேஜ்? சோளக்கொல்லைக்கு நடுவுல நாலு கட்டடம். மைதானத்துல ஸ்கோர்போர்டு பாதி எரியாது. நீ வீசுற பந்துக்கு அது ஒரு இடமா?

— அது எங்க வீட்டுல இருந்து அம்பது மைல் கோச்.

— தெரியும்.

— தெரியும்ல? எங்கப்பா காலையில பால் கறந்துட்டுக் கெளம்பினா, ஆட்டம் பாத்துட்டு சாயங்காலக் கறவைக்குத் திரும்பிடலாம். நாலு வருஷமா நான் வெளியூர்ல ஆடின ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பாத்ததில்ல. அறுபது மாடு, ஒரே ஆளு. 'லார்க்மன்ட் கூப்பிட்டா எல்லா ஆட்டத்துக்கும் வந்துருவேன்'னு அவர் சொன்னப்ப நீங்களும் எங்க சமையக்கட்டுல உக்காந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க. 'பாப்போம், கூப்பிட்டாச் சொல்றேன்'னீங்க. அப்ப இதுல மூணு கடுதாசி ஏற்கெனவே வந்தாச்சு. தேதி போட்டிருக்கு.

— அப்பாவுக்காகவா காலேஜ் தேர்ந்தெடுப்பாங்க? டன்ராக் எப்பேர்ப்பட்ட இடம்! அரிசோனா. ஜனவரியிலயே வெயில்ல பந்து வீசலாம். இங்க ஏப்ரல்லகூடப் பனியை வாரிக் கொட்டிட்டுத்தான் கோடு போடணும். யாரு போடுறா? நான்தான் போடுறேன்.

— முதல் கடுதாசியைப் படிக்கட்டுமா?

— வேணாம்.

— 'நீ வீசின அந்த மெதுவான பந்தை வீட்டுக்குப் போய் என் புருஷன்கிட்ட ஒரு ஆரஞ்சுப் பழத்தை வச்சு வீசிக் காட்டினேன். பழம் விளக்குல பட்டு உடைஞ்சிருச்சு.' இப்படி எழுதியிருக்காங்க அந்தக் கோச்சம்மா. கையால எழுதியிருக்காங்க. டன்ராக்ல இருந்து எனக்கு வந்ததுல என் பேரையே தப்பா அடிச்சிருந்தாங்க. நீங்கதான் திருத்தச் சொல்லி அனுப்பினீங்க.

— கடுதாசி அழகா எழுதினா ஆட்டம் அழகா ஆடிருவாங்களா?

— ஏழாவது போன ஆகஸ்ட்ல. 'உன்கிட்ட இருந்து ஒரு வரிகூட வரல. உனக்கு எங்கமேல விருப்பம் இல்லன்னு உங்க கோச் சொன்னாங்க. இருந்தாலும் கடைசியா ஒரு தடவை கேக்கறேன்.' அப்படிச் சொன்னீங்களா?

— போன்ல பேச்சுவாக்குல...

— சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— நேத்து அவங்களுக்கு நான் போன் பண்ணினேன்.

— யாருக்கு, லார்க்மன்டுக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

— உங்ககிட்டயா? எடுத்த உடனே, 'ப்ரிட்டாவா? நிஜமாவா?'ன்னாங்க. செப்டம்பர்லயே வேற பொண்ணைச் சேத்துட்டாங்களாம். பந்து வீச இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தானாம். 'உனக்காக ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காலியா வச்சிருந்தேன்மா'ன்னு சொன்னப்ப அவங்க குரலே சரியா இல்ல. நான் அழல. போனை வச்சதுக்கப்புறம் மாட்டுக்கொட்டகைக்குள்ள போய் அழுதேன்.

— கண்ணு...

— 'நீ பந்தை வீசு, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. மின்னஞ்சல் கணக்கைத் திறந்து அதோட பாஸ்வேர்டை நீங்களே வச்சுக்கிட்டீங்க. 'யாருக்கும் உன் நம்பரைக் குடுக்காத, கண்டவனும் கூப்பிட்டுக் குழப்புவான், எல்லாம் என் வழியா வரட்டும்'னீங்க. பெத்த தாயி மாதிரி பாத்துக்கறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என்னைச் சொல்லணும்.

— பாத்துக்கத்தானே செஞ்சேன்! ஒன்பதாம் வகுப்புல நீ வந்தப்ப உன் பந்து வேலிக்கு அந்தப்பக்கம் போகும். பனிக்காலம் பூரா இந்த ஜிம்முல வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து உன் பந்தைப் புடிச்சவ யாரு? இந்த ரெண்டு விரலும் உன்னாலதான் கோணிக்கிடக்கு. உன் வீடியோவைப் பதினோரு தடவை வெட்டி ஒட்டினேன். நூறு காலேஜுக்கு மேல அனுப்பினேன். உனக்கு நல்லது கெட்டது தெரியாத வயசு. உன் நல்லதுக்குத்தான்...

— என் நல்லதுக்கா?

— பின்ன?

— அப்ப இந்த எட்டாவது தாள் யார் நல்லதுக்கு?

— அது... அதுவும் அதுக்குள்ளயா இருந்துச்சு?

— அடியில இருந்துச்சு. டன்ராக்ல இருந்து உங்களுக்கு வந்தது. இதுல என் பேரைச் சரியாவே அடிச்சிருக்காங்க. 'ப்ரிட்டா ஹாவர்சன் கையெழுத்துப் போட்டதும், துணைக் கோச்சாக உங்க நியமனம் உறுதி. ஜூன் முதல் தேதி வேலைக்கு வரலாம்.' வாழ்த்துகள் கோச்.

— ப்ரிட்டா, நான் சொல்றதைக் கேளு.

— நாலு வருஷமா அதைத்தானே செஞ்சேன்.

— எனக்கு நாப்பத்தாறு வயசு. பதினெட்டு வருஷமா இந்த ஊர்ல பசங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்து, மிச்ச நேரத்துல கோச் வேலை. என்னோட ஆடினவங்க எல்லாம் பெரிய காலேஜ்ல இருக்காங்க. எனக்கு மட்டும் ஒரு போன் வந்ததில்ல. உன்னை வீடியோவுல பாத்துட்டுத்தான் டன்ராக்காரி முதல் தடவையா எனக்குப் போன் பண்ணினா. 'இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, உங்களுக்கும் இங்க ஒரு இடம் இருக்கு'ன்னா. நான் என்ன பண்ணியிருக்கணும்?

— என்கிட்ட சொல்லியிருக்கணும்.

— சொல்லியிருந்தா நீ லார்க்மன்டுக்குப் போயிருப்ப.

— ஆமா, போயிருப்பேன். நீங்க கேட்டிருந்தா போகாமலும் இருந்திருப்பேன். 'எனக்கு இந்த வேலை வேணும் ப்ரிட்டா, எனக்காக வா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேன் கோச். அதுதான் நேத்துல இருந்து மனசை அறுக்குது.

— கேட்டிருக்கலாமே... நான் உன்னைக் கேட்டிருக்கலாமே கண்ணு.

— அழாதீங்க. எனக்கு இப்ப உங்களைத் தேத்துற தெம்பு இல்ல.

— அப்பாகிட்ட சொல்லிட்டியா?

— சொன்னேன். கறந்துக்கிட்டே கேட்டார். முடிஞ்சதும் அடுத்த மாட்டுக்குப் போனார். மடியைக் கழுவிக்கிட்டே, 'அந்தம்மா நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்டாங்களே'ன்னார். அவ்வளவுதான்.

— வந்திருக்காரா?

— வெளிய வண்டியில உக்காந்திருக்கார். கழுத்துல டை கட்டியிருக்கார். தப்பாக் கட்டியிருக்கார்.

— நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். கால்ல வேணாலும் விழறேன். ஆனா இன்னைக்கு இதை நிறுத்திடாத தங்கம். திங்கக்கிழமையே ராஜினாமா குடுத்துட்டேன். வீட்டு வாசல்ல விற்பனைக்குன்னு பலகை நட்டாச்சு. நீ கையெழுத்துப் போடலைன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்.

— கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே.

— போடுவியா?

— எனக்கு வேற எந்தக் காலேஜ் மிச்சம் இருக்கு? போட்டாச்சு. காலையில ஏழு மணிக்கு, எங்க சமையல் மேசையில. ஒன்பது மணிக்கு இங்க நடக்கப்போறது போட்டோவுக்குத்தான்.

— கடவுளே! என் கண்ணே! எனக்குத் தெரியும், உனக்குப் பெரிய மனசுன்னு. நீ வேணாப் பாரு, ஜூன்ல ரெண்டு பேரும் ஒரே வண்டியில போவோம். அங்க உன்னை ஒருத்தி ஒரு சொல் சொல்ல விடமாட்டேன். நாலு வருஷத்துல இதெல்லாம் மறந்து போயிரும்...

— கையெழுத்துக்கு முன்னாடி ஆறு மணிக்கு டன்ராக் கோச்சுக்குப் போன் பண்ணினேன். 'எனக்கு நீங்க போதும், நோவாக் அங்க இருந்தா நான் வரல, ஒரு நாள் யோசிச்சுச் சொல்லுங்க'ன்னேன். 'இதுல யோசிக்க என்னம்மா இருக்கு, எங்களுக்கு வேண்டியது நீதானே'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.